கடாரம் போதும், கப்பல் பெயரைச் சொல்லுங்கள்: யாங்கோன் தமிழ்ப் பெரியோர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாங்கோனிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தமிழ்க் கோயில்களின் அறங்காவலர்களுக்கும், தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், விழா மலர் தயாரிக்கும் குழுக்களில் இருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

நான் சரக்கு ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கப்பல் காகிதங்கள் எழுதிப் பிழைப்பவன். பேச்சாளன் அல்ல, சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவனும் அல்ல. உங்களிடம் ஒரு குறையும் ஒரு கோரிக்கையும் இருக்கின்றன. குறையை முதலில் சொல்லிவிடுகிறேன், மனத்தாங்கல் வேண்டாம்.

நம் விழா மேடைகளில் யார் ஒலிபெருக்கியைப் பிடித்தாலும் ராஜேந்திர சோழனில்தான் தொடங்குகிறார். 1025-ஆம் ஆண்டு, கடாரம், ஸ்ரீவிஜயம், கடல் நடுங்கியது, கொடி பறந்தது. கைதட்டல் முடிந்ததும் ஆயிரம் ஆண்டுகளை ஒரே தாவில் தாண்டி, ‘இன்று நாம் இங்கே கூடியிருக்கிறோம்’ என்று வந்து இறங்கிவிடுகிறார். நடுவில் ஓடிய கப்பல்களெல்லாம் எங்கே போயின? நம்மை இந்த மண்ணில் கொண்டுவந்து இறக்கியவை அவைதானே?

ராஜேந்திரனை நான் குறைத்துப் பேசவில்லை. ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று அவன் மெய்க்கீர்த்தி சொல்லும்போது எனக்கும் சிலிர்க்கத்தான் செய்கிறது. அதில் வரும் மாப்பப்பாளம் இந்தக் கீழ் பர்மாவின் துறைமுகங்களில் ஒன்று என்று கருதும் அறிஞர்களும் உண்டு. ஆனால் பலகலம் செலுத்தினான் என்கிற அந்த மெய்க்கீர்த்தி ஒரு கலத்தின் பெயரையாவது சொல்கிறதா? துடுப்புப் போட்டவன் ஒருவனையாவது சொல்கிறதா? அரசனின் கல்லில் அதற்கு இடமில்லை. நம்முடைய மலர்களிலும் இடமில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் தாத்தாவும் என் தாத்தாவும் சோழன் படையில் வரவில்லை. டெக் டிக்கெட்டில், அதாவது அறையில்லாமல் கப்பல் தளத்தில் படுத்து வந்தார்கள்.

கல்வெட்டுத்தான் வேண்டும் என்றால், நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று பகானில், மியின்கபா கிராமத்தில் கிடைத்தது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்திலிருந்து, அதாவது இன்றைய கொடுங்கல்லூரிலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், பகானிலிருந்த நானாதேசி விண்ணகர் என்னும் பெருமாள் கோயிலுக்கு ஒரு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் கொடுத்ததைத் தமிழில் சொல்கிறது. நானாதேசி என்பது வணிகக் குழுவின் பெயர். மேற்குக் கரையிலிருந்து தெற்கே சுற்றி, வங்கக் கடலைத் தாண்டி, பிறகு ஐராவதி ஆற்றில் நூற்றுக்கணக்கான மைல் ஏறி வந்து, கோயிலுக்குக் கதவு போட்டுக் கொடுத்திருக்கிறார் மனிதர். யாரையும் வெல்லவில்லை. அவரை எந்த மேடையிலாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

இனி நம் சொந்தக் கதைக்கு வருகிறேன். 1856-இல் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும், அதாவது இந்த யாங்கோனுக்கும் இடையே தபால் கொண்டுபோக ஒரு நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கப்பட்டது. கல்கத்தா அண்ட் பர்மா ஸ்டீம் நேவிகேஷன் என்று பெயர். வில்லியம் மெக்கின்னான் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் முயற்சி. 1862-இல் அதுவே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் ஆயிற்று. நம் வீட்டுப் பெரியவர்கள் பி.ஐ. கம்பெனி என்று சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அதுதான். உலகத்தின் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றாக அது வளர்ந்ததற்கு முதல் அடி ரங்கூன் தபால்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு உலகச் சந்தை பெருகியது. வயலுக்கும் அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஆள் வேண்டியிருந்தது. விசாகப்பட்டினம், காக்கிநாடா துறைகளில் தெலுங்கர்களும் சென்னையில் நம்மவர்களும் ஏறினார்கள். கப்பல் கூலியை ஆள் சேர்க்கும் மேஸ்திரி முன்பணமாகக் கட்டிவிடுவார். இறங்கிய பிறகு அந்தக் கடனைக் கழிப்பதற்குள் ஒரு அறுவடை போய்விடும். 1931 மக்கள்தொகைக் கணக்கில் ரங்கூனில் சுமார் 4 லட்சம் பேர் இருந்தனர், அவர்களில் பாதிக்கு மேல் இந்தியர். அத்தனை பேரையும் அல்லது அவர்களுடைய பெற்றோரையும் கொண்டுவந்தது கப்பல்தான். சென்னையிலிருந்து இங்கே ஏறக்குறைய ஆயிரம் கடல் மைல். மூன்று நான்கு நாள் பயணம். மேல்தட்டில் காபின்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, டெக் பயணிகள் பாயை விரித்த இடமே வீடு.

தட்டோன் பக்கத்தில் ஒரு குடும்பத்தில் அப்படி வந்த பெட்டி ஒன்றை எனக்குக் காட்டினார்கள். மரப்பெட்டி, மூலைகளில் பித்தளைத் தகடு. மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஒரு பெயர், அதன் கீழே ஊர், அதற்கும் கீழே ‘ரங்கூன்’. பெயரின் பாதி உரிந்துவிட்டது. ரங்கூன் மட்டும் அழுத்தமாக நிற்கிறது, இரண்டாம் முறை யாரோ பூசியிருக்க வேண்டும். உள்ளே இப்போது போர்வைகளும் அந்துருண்டையும். அந்த வீட்டு அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். அவருடைய மாமியார் கைக்குழந்தையோடு அந்தப் பெட்டியின் மேல் சாய்ந்தபடியே கடலைத் தாண்டினாராம். அவலும் வெல்லமும் கட்டுச்சோறும் இரண்டு நாள் தாங்கின, மூன்றாம் நாள் பண்டாரியிடம் சூடுதண்ணீர் கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் கொடுத்தார் என்கிற வரை அந்த அம்மாவுக்குத் தெரிகிறது. பண்டாரி என்றால் கப்பல் சமையல்காரர். செராங்கு, தண்டல், சுக்காணி, பண்டாரி என்று கப்பல்காரர்களின் பட்டப்பெயரெல்லாம் அவருடைய வாயில் சரளமாக வருகின்றன. ‘அம்மா, கப்பலின் பெயர் என்ன?’ என்று கேட்டேன். அவர் மாமியாரிடம் கேட்டதே இல்லையாம். ‘யார் கேட்டார்கள், நீதான் இப்போது கேட்கிறாய்’ என்றார்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் கப்பலில் ஏறும் ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கு உண்டு. ஒரு சாக்கு கிழிந்திருந்தால்கூட கப்பல் அதிகாரி தரும் மேட் ரசீதில் ‘கிழிந்த மூட்டை’ என்று குறிப்பு விழுந்துவிடும். அந்தக் குறிப்பை நீக்கச் சொல்லி ஏற்றுமதியாளர் மன்றாடுவார், கப்பல்காரர் மறுப்பார். ஒரு மூட்டை உளுந்துக்கு இத்தனை பாடு. கடலைத் தாண்டி வந்த நம் பாட்டிகளுக்கு ஒரு வரியும் இல்லை.

போர்க்கப்பல்களின் கதையும் நம்முடையதுதான். அதை நாம் வேறு யாருடையதோ போல விட்டுவிட்டோம். 1824 மே 11 அன்று ரங்கூனைப் பிடித்த ஆங்கிலேயக் கப்பற்படை அந்தமானில் கூடி இங்கே வந்தது. அதிலிருந்து இறங்கியவர்களில் பெரும்பகுதி சென்னைப் படைப்பிரிவுகள். தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள். அந்தப் போரில்தான் கல்கத்தாவில் கட்டப்பட்ட டயானா என்ற சிறிய நீராவிக் கப்பல் ஐராவதியில் புகை கக்கிக்கொண்டு ஏறியது. காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்துத் தானாகவே போகிற அந்தச் சாதனத்துக்கு முன்னால் பர்மியப் போர்ப்படகுகளின் துடுப்புகள் ஓய்ந்துபோயின. போரில் ஈடுபட்ட முதல் நீராவிக் கப்பல்களில் அதுவும் ஒன்று. அந்தச் சிப்பாய்கள் இங்கே வந்தது பெருமையா சிறுமையா என்று நீங்கள் வாதிடலாம். எனக்கு அதில் பெருமை ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் வந்தார்கள். இந்த நாட்டைப் பிடிக்க வந்த கப்பலிலும் நாம் இருந்தோம் என்பதை மறைத்துவிட்டு, கூலியாக வந்த கண்ணீரை மட்டும் சொல்வது நேர்மையாகாது. பர்மிய நண்பர்கள் நம்மிடம் இதைக் கேட்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்லது.

1885-இல் மாண்டலேயைப் பிடிக்கப் போன படையைச் சுமந்தவை ஐராவதி புளோட்டிலா கம்பெனியின் ஆற்றுக் கப்பல்கள். அவை வணிகக் கப்பல்கள், ஆனால் அன்று செய்தது போர்வேலை. தீபோ மன்னரையும் அரசியையும் தூரியா என்ற கப்பலில் ஏற்றி ரங்கூனுக்குக் கொண்டுவந்தார்கள். தூரியா என்றால் சூரியன். இங்கிருந்து அவரைச் சென்னைக்கு அனுப்பினார்கள், அங்கே சில மாதம் வைத்திருந்து பிறகு ரத்னகிரிக்கு. நம் முன்னோர் பிழைப்புத் தேடி வந்த அதே கடல்வழியில் இந்த நாட்டின் கடைசி அரசர் எதிர்த்திசையில் போயிருக்கிறார். இதை ஒரு தமிழ் மலரில் நான் பார்த்ததில்லை.

எம்டனைச் சொல்லாமல் விட முடியாது. எம்டன் சென்னையில் குண்டு போட்டது எல்லோருக்கும் தெரியும், அதில் ரங்கூனின் பங்குதான் தெரியாது. 1914 செப்டம்பரில் கார்ல் பான் முல்லரின் அந்த ஜெர்மன் கப்பல் வங்கக் கடலில் புகுந்து இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளமேட் என்று வணிகக் கப்பல்களை ஒவ்வொன்றாக மூழ்கடித்தது. மாலுமிகளைக் கொல்லாமல் முதலில் இறக்கிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடிப்பான் முல்லர், அந்த மரியாதை அவனிடம் இருந்தது. கிளான் மாதேசன் என்ற கப்பலின் மாலுமிகளை நார்வே நாட்டுக் கப்பல் ஒன்றில் ஏற்றி ரங்கூனுக்கு அனுப்பிவைத்தான். அதே மாதம் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுமார் 130 குண்டுகள் பொழிந்தான். பற்றி எரிந்த எண்ணெய்த் தொட்டிகள் யாருடையவை? பர்மா ஆயில் கம்பெனியுடையவை. யெனாங்யாங் கிணறுகளில் எடுத்து, ஆற்றுக்கு அக்கரையில் சிரியத்தில் சுத்திகரித்து, கப்பலில் சென்னைக்குப் போன எண்ணெய். சிரியம் ஆலையில் இந்தியத் தொழிலாளர்கள் ஏராளம், நம்மவர்களும் உண்டு. இங்கே நாம் நிரப்பி அனுப்பியது அங்கே நம் உறவினர்களின் கண்ணெதிரே எரிந்தது. குண்டு விழுந்ததற்குச் சென்னை உயர் நீதிமன்ற மதிலில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். எண்ணெயை நிரப்பியவர்களுக்குச் சிரியத்திலும் கல்வெட்டு இல்லை, சென்னையிலும் இல்லை.

இந்தியர்களுக்கென்று 1919-இல் எழுந்த சிந்தியா கம்பெனி பர்மா அரிசியை ஏற்றிச் செல்வதில் பி.ஐ.யோடு கட்டணப் போர் நடத்தியதும், 1930 மே மாதத்தில் துறைமுகத் தெலுங்குத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் கலவரமாக வெடித்ததும் தனித்தனியாக எழுத வேண்டியவை. இரண்டாவதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் சிலருக்கு முகம் சுருங்கும். நான் இங்கே அதற்குள் போகவில்லை. ஆனால் பதிவேட்டில் அதற்கும் பக்கம் இருக்க வேண்டும்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மீது குண்டு போட்டன, 25 அன்று மீண்டும் போட்டன. 1942 மார்ச் 8-இல் நகரம் விழுந்தது. அந்த இரண்டரை மாதத்தில் கப்பலில் இடம் பிடித்தவர் பிழைத்தார். டெக் டிக்கெட்டுக்காக நின்று நின்று கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் காலராவுக்கும் பசிக்கும் மலைக்காய்ச்சலுக்கும் பலியானார்கள். ஐராவதி புளோட்டிலாவின் ஆற்றுக் கப்பல்களை, எதிரி கையில் சிக்கக்கூடாது என்று கம்பெனிக்காரர்களே மூழ்கடித்தார்கள். 600-க்கு மேல் கப்பலும் படகும் வைத்திருந்த கம்பெனி அது. பி.ஐ.யின் எரின்புரா, படையினரை ஏற்றிச் சென்றபோது 1943 மே 1 அன்று மத்தியதரைக் கடலில் விமானக் குண்டு விழுந்து மூழ்கியது. நூற்றுக்கணக்கான பாசுட்டோலாந்து (இன்றைய லெசோத்தோ) வீரர்களும் 140 பாலஸ்தீன யூத வீரர்களும் மாண்டார்கள். அந்த வீரர்களை அவரவர் நாட்டில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அதே கம்பெனியின் கப்பல்களில் அடுப்பங்கரையிலும் என்ஜின் அறையிலும் வெந்துகொண்டிருந்த நம் லஸ்கர்களை, அதாவது இந்தியக் கப்பல் தொழிலாளர்களை, நாம்தான் நினைக்க வேண்டும்.

1964-ஐப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைகள் அரசுடைமை ஆயின, அந்த மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டோர் நகையும் பணமும் எடுத்துப்போக முடியாமல் கப்பலேறினார்கள். அப்படிப் போனவர்கள்தான் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரிலேயே பர்மா பஜாரைப் போட்டு உட்கார்ந்தார்கள். அங்கே தள்ளுவண்டியில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நம் வீட்டுப் பெண்கள் சிரிக்கிறார்கள், புளித்தண்ணீர் தூக்கலாக இருக்குமாம். இருக்கட்டும். போனவர்களின் பெயர்ப்பட்டியலாவது ஏதோ ஓர் அரசு அலுவலக அலமாரியில் இருக்கும். போகாமல் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்பது எந்த அலமாரியிலும் இல்லை. என் குடும்பம் நின்ற குடும்பம். டிக்கெட் வாங்கியும் ஏறாதவர்கள் இருந்தார்கள். துறைமுகம் வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பியவர்கள் இருந்தார்கள். அவர்களில் நினைவு தெளிவாக உள்ளவர்கள் இன்னும் சிலர்தான் மிஞ்சியிருக்கிறார்கள்.

இப்போது சென்னைக்கும் யாங்கோனுக்கும் பயணிகள் கப்பல் இல்லை. சரக்குக் கப்பல் நிற்கவில்லை. உளுந்தும் துவரையும் கன்டெய்னர் கன்டெய்னராக யாங்கோனுக்கு அருகிலுள்ள திலாவாவிலிருந்தும் யாங்கோன் துறையிலிருந்தும் போகின்றன. தமிழ்நாட்டில் காலையில் அரைபடும் இட்லி மாவில் எவ்வளவு பங்கு பர்மா உளுந்து என்பது அங்கே இட்லி தின்கிறவர்களுக்குத் தெரியாது, என் மேசைக்கு வரும் காகிதங்களுக்குத் தெரியும். 2023 மே மாதம் கொல்கத்தாவிலிருந்து சிமென்ட் மூட்டைகளோடு ஒரு கப்பல் சிட்வேக்கு வந்து, இந்தியா கட்டிக் கொடுத்த துறையைத் திறந்துவைத்தது. கடற்படைப் பக்கம் பார்த்தால், இந்தியாவின் சிந்துவீர் நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினத்தில் புதுப்பிக்கப்பட்டு 2020-இல் மியன்மார் கடற்படைக்கு வந்து, மின்யே தெய்ங்கத்து என்று பெயர் மாறியது. பர்மாவின் முதல் நீர்மூழ்கி அது. ஒருகாலத்தில் தொழிலாளர்களை ஏற்றிவந்த அந்தத் துறையிலிருந்து இன்று இது வந்திருக்கிறது. நம் பிள்ளைகளும் சிலர் சி.டி.சி. என்னும் மாலுமிப் பதிவுப் புத்தகம் வாங்கிக்கொண்டு வெளிநாட்டுக் கப்பல்களில் வேலைக்குப் போகிறார்கள். தாத்தா டெக்கில் வந்தார், பேரன் என்ஜின் அறையில் போகிறான். நிலைமை சரியில்லாத இந்த ஆண்டுகளில் பல வீடுகளின் அடுப்பு அந்தச் சம்பளத்தில்தான் எரிகிறது.

கோரிக்கைக்கு வருகிறேன். அடுத்து வெளியிடும் கும்பாபிஷேக மலரோ ஆண்டு மலரோ, எதுவானாலும், நன்கொடையாளர் படங்களுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியைக் கப்பல்களுக்குக் கொடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். மாலையும் சால்வையுமாக நிற்கும் ஒரே முகம் ஒரே மலரில் நான்கு இடங்களில் வருவதை நானும் எண்ணியிருக்கிறேன். எந்தக் கோயில் மலர் என்று சொல்லமாட்டேன். பணம் கொடுத்தவரின் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று அந்தப் படத்தின் கீழே இரண்டு வரி போட்டாலும் போதும், அவருக்கும் அது பெருமைதான்.

மலருக்கு முன்னால் பதிவேடு வேண்டும். வீட்டுக்கு ஒரு பக்கம். கப்பலின் பெயர் தெரிந்தால் எழுதுங்கள், தப்பாகத் தெரிந்தாலும் அப்படியே எழுதுங்கள். ‘எக்குமா’ என்று ஒரு பாட்டி சொன்னால் அது எக்மா என்று நான் கண்டுபிடித்துக்கொள்வேன், பி.ஐ. கம்பெனியில் அந்தப் பெயரில் கப்பல் இருந்தது. எந்தத் துறையில் ஏறினார்கள், கட்டணத்தை யார் கட்டினார்கள், பெட்டியில் என்ன இருந்தது, உடன் வந்தவர் யார், கடலில் யாராவது தவறினார்களா என்று கேளுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் ‘பெரிய பூகம்பத்துக்கு முந்தின வருஷம்’ என்றாலும் சரி, 1930 மே பூகம்பத்தைத்தான் சொல்கிறார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். 1942-இல் எப்படித் தப்பினார்கள், 1964-இல் ஏன் போகவில்லை அல்லது ஏன் போனார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பெண்களின் பெயரை ‘இன்னாரின் மனைவி’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள். இப்போது கப்பலில் வேலை செய்யும் பிள்ளைகளின் கப்பல் பெயரையும் சேருங்கள், நாளைக்கு இன்னொருவன் இப்படி மடல் எழுதும் நிலை வேண்டாம். சோழியர் பள்ளிவாசல் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களையும், மாதா கோயிலுக்குப் போகிற குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள். கப்பலில் எல்லோரும் ஒரே தளத்தில்தான் படுத்திருந்தார்கள்.

அனோரத்தா சாலையிலிருக்கும் காளி கோயில் 1871-இல் எழுந்தது. அதைக் கட்டக் கூடியவர்களில் யார் எந்தக் கப்பலில் வந்தார் என்று இன்று சொல்ல ஆளில்லை. ஆனால் 1920, 1930-களில் வந்தவர்களைச் சொல்ல இன்னும் சிலர் இருக்கிறார்கள். தட்டோன் அம்மாவைப் போல மோல்மேனிலும் பெகுவிலும் துவாந்தேயிலும் இருப்பார்கள்.

தடித்த அட்டை போட்ட கணக்கு நோட்டுகளை நானே வாங்கித் தருகிறேன். மழையிலும் ஊறாத மையும் என்னிடம் உண்டு, சரக்குச் சீட்டு எழுதுகிற மை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோயில் அலுவலகத்தில் ஒரு மேசையும், தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேரும் போதும். பழைய டிக்கெட், பயணக் காகிதம், படம் எதையும் வீட்டிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். வெளியூர்க் குடும்பங்களுக்கு அந்தந்த ஊர்க் கோயில் குருக்களோ தமிழ்ப் பள்ளி ஆசிரியரோ எழுதி அனுப்பினால் நான் சேர்த்துக்கொள்கிறேன். ஆடி மாதத்தில் எல்லாக் கோயிலிலும் கூட்டம் இருக்கும், கூழ் ஊற்றுகிற நாளில் அறிவித்தால் வாய்வழியாகவே ஊரெல்லாம் பரவிவிடும். ஆகவே உங்கள் குழுக்கள் கூடிப் பேசி, ஆடி பிறப்பதற்குள் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லை என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு நானே வீடு வீடாகப் போகிறேன், நீங்கள் ஒரு அறிமுகக் கடிதம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கப்பல் காகிதம் எழுதும் யாங்கோன் தமிழன் ஒருவன்